ஃபோ கடைக்குப் போகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

சைகோனில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். அரசாங்கப் பெயர் ஹோ சி மின் நகரம். ஊர்க்காரர்கள் பேச்சில் இன்னமும் சைகோன்தான். இங்கிருந்து யாராவது வியட்நாம் கிளம்பினால் என்னிடம் விசாவைப் பற்றிக் கேட்பதைவிட நூடுல்ஸ் சூப் கடையைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் தனித்தனியாகத் தட்டி அலுத்துவிட்டது. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். பிளாஸ்டிக் ஸ்டூலும் தகர மேசையும் போட்ட சாதாரணக் கடைகளைப் பற்றித்தான் இங்கே பேச்சு. ஓட்டல் பஃபேயில் ஒரு மூலையில் வைத்திருப்பார்களே, அதைப் பற்றி அல்ல.

ஃபோ என்பது சூப்பா, நூடுல்ஸா?

இரண்டும்தான். ஆனால் கடையின் மானம் சூப்பில் இருக்கிறது. மாட்டெலும்பை மெல்லிய தீயில் பல மணி நேரம், பல கடைகளில் இரவு முழுக்க, கொதிக்க விடுவார்கள். அதில் விழும் மசாலா எதுவும் நமக்கு அந்நியமில்லை: அன்னாசிப்பூ, பட்டை, கிராம்பு, தனியா, கறுப்பு ஏலக்காய். பிரியாணிக்கு எடுக்கும் அதே டப்பா. ஆனால் அரைப்பதில்லை, எண்ணெயில் தாளிப்பதில்லை. வெறும் சட்டியில் வறுத்துத் துணியில் முடிந்து பானையில் போட்டு, மணம் இறங்கியதும் வெளியே எடுத்துவிடுகிறார்கள். மிளகாயும் மஞ்சளும் கிடையாது. இஞ்சியையும் வெங்காயத்தையும் தோல் கருகும்வரை நெருப்பில் சுட்டுப் போடுவார்கள். முதல் வாயில் லேசாக ஒரு புகை வாசம் வருமே, அது அங்கிருந்து வருவது. உப்புக்கு மீன் சாஸ், ஓரத்தில் தட்டும் இனிப்புக்குக் கற்கண்டு.

நூடுல்ஸ் அரிசி மாவுதான். கரைத்த மாவை மெல்லிய விரிப்பாக ஆவியில் வேகவைத்து நாடா நாடாக நறுக்குவார்கள். பிழிந்து செய்யும் உருண்டை நூடுல்ஸ் வேறு, அதன் பெயர் பூன். நம் இடியாப்பத்துக்குச் சொந்தம் என்று சொன்னால் அது பூன்தான்; ஃபோ தூரத்து உறவு.

பெயரை எப்படிச் சொல்வது? ‘போ’ என்றால் திட்டுவது போல இருக்கிறதே?

‘ஃபோ’ என்று எழுதுகிறோம், ஆனால் அந்த உச்சரிப்பும் சரியில்லை. ‘அது’ என்று சொல்லும்போது கடைசி உகரத்துக்கு உதட்டைக் குவிக்கிறோமா? இல்லை. அந்த உதட்டோடே வாயை இன்னும் கொஞ்சம் திறந்து ‘ஃப’ என்று இழுங்கள். குரலைக் கீழே இறக்கி, கேள்வி கேட்பதுபோல மேலே தூக்கி முடியுங்கள். யாரோ சொன்னதை நம்பாமல் ‘ஆங்?’ என்போமே, அந்த ராகம். வராவிட்டால் கவலைப்படாதீர்கள். ஃபோ மட்டும் விற்கும் கடையில் போய் உட்கார்ந்தவர் எதற்கு வந்திருக்கிறார் என்று அவர்களுக்குத் தெரியும்.

எந்த நேரத்தில் போகலாம்?

காலையில். இதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. ஃபோ பிறப்பால் காலை டிபன். ஐந்தரை, ஆறு மணிக்குக் கடை திறந்துவிடும். ஹனோயில் பேர்பெற்ற சில கடைகளில் பத்து மணிக்குப் பானை காலி. ராத்திரியும் கிடைக்கும், விடிய விடியத் திறந்திருக்கும் கடைகளும் உண்டு. ஆனால் ராத்திரி வேகவைத்த சூப்பை விடியற்காலையில் முதல் ஆளாகக் குடிப்பது வேறு.

நல்ல கடையை எப்படிக் கண்டுபிடிப்பது?

பலகையைப் பாருங்கள். ஒன்றோ இரண்டோ பெயர் மட்டும் இருந்தால் உள்ளே போங்கள். ஃபோ, பீட்சா, வறுத்த சோறு, மாம்பழ ஜூஸ் என்று நான்கு மொழியில் எழுதியிருந்தால் நடையைக் கட்டுங்கள். அப்புறம், பானை வாசலில் இருக்கவேண்டும். பெரும்பாலான கடைகளில் சமையலே தெருவைப் பார்த்துத்தான் நடக்கும்: ஒருவர் இறைச்சி வெட்டுவார், ஒருவர் நூடுல்ஸை வெந்நீரில் முக்கி எடுப்பார், ஒருவர் சூப் ஊற்றுவார்.

பெயர் சொல்லித்தான் ஆகவேண்டும் என்றால், ஹனோயில் பாட் டான் தெரு 49-ஆம் எண் கடை. வரிசையில் நின்று, காசைக் கொடுத்து, கொதிக்கும் கிண்ணத்தை நீங்களே தூக்கிக்கொண்டு இடம் தேட வேண்டும். லோ டுக் தெரு 13-ஆம் எண்ணில் இருக்கும் ஃபோ தின் கடையில் இறைச்சியைப் பூண்டோடு வதக்கிப் போட்டு, மேலே வெங்காயத்தாளைக் கொட்டுவார்கள். சைகோனில் பாஸ்டர் தெருவின் ஃபோ ஹோவா பழைய கடை. வரலாற்றில் ஆர்வம் இருந்தால் ‘ஃபோ பின்’ கடைக்குப் போங்கள். பின் என்றால் அமைதி. 1968-ல் வியட்நாம் புத்தாண்டான டெட் சமயத்தில் நடந்த பெரும் தாக்குதலின்போது, சைகோனைத் தாக்கிய கம்யூனிஸ்டுகளின் ரகசியப் படை ஒன்றின் தலைமையிடம் இந்தக் கடையின் மாடிதான். அந்த நாட்களில் கீழே அமெரிக்க ராணுவத்தினர் ஃபோ சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

உட்கார்ந்ததும் என்ன சொல்வது? மெனு கார்டே வரவில்லையே?

வராது. என்ன இறைச்சி என்று மட்டும் சொன்னால் போதும். மாடு என்றால் ‘ஃபோ போ’ (இரண்டாவது ‘போ’வை ‘பஸ்’ஸில் வரும் பகரத்தோடு சொல்லுங்கள்). கோழி என்றால் ‘ஃபோ கா’ (‘தங்கம்’ என்பதில் வரும் ககரம்).

மாட்டிலேயே பல துண்டுகள் உண்டு. ‘தாய்’ என்றால் மெல்லியதாகச் சீவிய பச்சை இறைச்சி. ‘சின்’ என்றால் நன்றாக வெந்தது. ‘நாம்’ என்றால் விலாப்பக்கத் தசை. தாயும் நாமும் ஒரே கிண்ணத்தில் என்று கேட்டு நானே சிரித்திருக்கிறேன். ‘கௌ’ கொழுப்போடு கூடிய நெஞ்சுப் பகுதி, ஹனோய்க்காரர்களுக்கு உயிர். ‘கன்’ நரம்பு, வெந்து ஜெல்லி மாதிரி இருக்கும். ‘சாக்’ இரைப்பை; அந்தச் சொல்லுக்கு நேர்ப்பொருள் புத்தகம், பக்கம் பக்கமாக மடிந்திருப்பதால். ‘போ வியன்’ இறைச்சி உருண்டை. ஒன்றும் புரியவில்லையா, ‘டக் பியட்’ என்று சொல்லுங்கள். ஸ்பெஷல் என்று பொருள். எல்லாவற்றிலும் கொஞ்சம் வரும்.

பச்சை இறைச்சியா? வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளுமா?

பச்சையாகத்தான் கிண்ணத்தில் விழும், ஆனால் அதன்மேல் கொதிக்கிற சூப்பை ஊற்றுவார்கள். காகிதம் போலச் சீவியிருப்பதால் நிறம் உடனே மாறத் தொடங்கும். வந்தவுடன் சாப்ஸ்டிக்கால் அடியில் அமுக்கிவிடுங்கள். கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், வயிறு சரியில்லாதவர்கள் ‘சின்’ கேட்பதுதான் நல்லது.

நாங்கள் மாடு சாப்பிடமாட்டோம். கோழி ஃபோ கேட்டால் போதுமா?

கோழி மட்டுமே விற்கும் கடையாகப் பார்த்துப் போங்கள். வாசலில் முழுக் கோழிகள் பொன்னிறத்தில் தொங்கிக்கொண்டிருக்கும், அடையாளம் எளிது. இரண்டும் விற்கும் கடையில் ஒரே சூப்பை ஊற்ற வாய்ப்பு உண்டு. தனிப் பானை இருந்தாலும் கரண்டி பொதுவாக இருக்கும். சில இடங்களில் கோழிச் சூப்பிலும் பன்றி எலும்பு சேர்ப்பார்கள். கட்டாயமாகத் தெரிந்தாக வேண்டும் என்றால் மொழிபெயர்ப்புச் செயலியில் எழுதிக் காட்டிக் கேளுங்கள். தயங்காமல் பதில் சொல்வார்கள்.

கோழி ஃபோவுக்குக் காரணமே மாடு கிடைக்காமல் போனதுதான் என்பார்கள். 1939 வாக்கில் ஹனோயில் திங்களும் வெள்ளியும் மாட்டிறைச்சி விற்பனை இல்லையாம். அந்த இரண்டு நாளும் கடையை மூடாமல் இருக்கக் கோழியைப் போட்டிருக்கிறார்கள். அப்போது முகம் சுளித்தவர்கள் உண்டு. இன்றைக்கு அதற்கென்றே தனிக் கூட்டம் இருக்கிறது. எனக்கும் காய்ச்சல் வந்தால் அதுதான்.

நான் சுத்த சைவம். பட்டினிதானா?

இல்லவே இல்லை. ஆனால் சாதாரண ஃபோ கடையில் போய் ‘இறைச்சி இல்லாமல் கொடுங்கள்’ என்று கேட்காதீர்கள். அன்போடு இறைச்சியை மட்டும் எடுத்துவிட்டு அதே எலும்புச் சூப்பைக் கொடுப்பார்கள். என் அலுவலக நண்பர் ஒருவர் இரண்டு வாரம் அப்படியே சாப்பிட்டிருக்கிறார். உண்மையை நான்தான் சொன்னேன், இன்றுவரை என்னை மன்னிக்கவில்லை.

நீங்கள் தேடவேண்டிய சொல் ‘சாய்’. சைவம் என்று பொருள். ‘அன் சாய்’ என்றால் சைவம் சாப்பிடுகிறேன். பலகையில் அந்தச் சொல் இருக்கும் கடைக்குப் போனால் ‘ஃபோ சாய்’ கிடைக்கும். முள்ளங்கி, கேரட், காளான் போட்டுக் கொதித்த சூப், மேலே டோஃபு. இவை பௌத்த மரபில் வந்த கடைகள், மீன் சாஸும் சேர்க்கமாட்டார்கள். சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் அங்கே நிறையப் பேர் சைவம். அதாவது நம் அமாவாசை, பௌர்ணமிதான். அந்த நாட்களில் சைவக் கடைகளில் இடம் கிடைக்காது, சீக்கிரம் போய்விடுங்கள்.

இறைச்சியில்லாத ஃபோவுக்கு ஹனோயில் இன்னொரு பழைய பெயர் உண்டு. போர்க் காலத்தில் அரசுக் கடைகளில் இறைச்சி இல்லாமல் வெறும் நூடுல்ஸும் சூப்பும்தான் வரும். அப்போது ஊருக்கு மேலே அமெரிக்காவின் ஆளில்லா வேவு விமானங்கள் பறந்துகொண்டிருந்தன. மக்கள் அதற்கு ‘ஓட்டுநர் இல்லாத ஃபோ’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

ஹலால்?

எல்லா இடத்திலும் கிடைக்காது. சைகோனில் இருந்தால் நகர மையத்தில் டோங் யு தெரு பள்ளிவாசலை ஒட்டிய பகுதிக்குப் போங்கள். 1935-ல் தென்னிந்திய முஸ்லிம்கள் கட்டிய பள்ளிவாசல் அது. அங்கிருந்து நடக்கும் தூரத்திலேயே தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயிலும் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் புதுச்சேரி, காரைக்கால் பக்கத்து ஆட்கள் அங்கே போய் வந்துகொண்டிருந்த காலத்தின் மிச்சம்.

கிண்ணத்தோடு ஒரு தட்டு நிறையத் தழை வந்திருக்கிறது. என்ன செய்வது?

முதலில், ஒன்றும் செய்யாதீர்கள். ஒரு கரண்டி சூப்பை அப்படியே குடியுங்கள். ராத்திரி முழுக்கக் கண் விழித்து ஒருவர் செய்தது என்ன ருசி என்று தெரிந்துகொண்ட பிறகு உங்கள் கைவரிசையைக் காட்டலாம். வைத்தவுடன் நாலு சாஸையும் பீச்சிக் கலக்குவதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சரி, தழைக்கு வருவோம். நீளமாக, ஓரத்தில் ரம்பப் பல் வைத்த இலை ‘ஙோ காய்’. கொத்தமல்லி வாசம்தான், இன்னும் முரட்டுத்தனமாக. (நம் எழுத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஙகரத்துக்கு அங்கே சொல்லின் முதலிலேயே வேலை இருக்கிறது.) ஊதாத் தண்டுள்ள இலை ஒருவகைத் துளசி, சோம்பு வாசம் வரும். கூடவே முளைகட்டிய பயறு, எலுமிச்சை, பச்சை மிளகாயோ சிவப்பு மிளகாயோ. இலைகளைத் தண்டிலிருந்து உருவி, கையால் கிள்ளிப் போடுங்கள். மொத்தத்தையும் ஒரே தடவை போட்டால் சூப் ஆறிவிடும். கொஞ்சம் போட்டு, சாப்பிட்டு, மறுபடி கொஞ்சம் போடுங்கள். பயறு பச்சையாக வேண்டாம் என்றால் வெந்நீரில் முக்கித் தரச் சொல்லலாம். தட்டைக் காலி செய்யவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தீர்ந்துவிட்டால் பல கடைகளில் இன்னும் தருவார்கள்.

ஹனோயில் அந்தத் தட்டே வரவில்லையே?

வராது, அது சைகோன் பழக்கம். இதில் ஒரு கதை இருக்கிறது. ஃபோ வடக்கில் பிறந்தது, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நாம் டின் பகுதியிலும் ஹனோயிலும். மாடு உழவுக்கு என்றிருந்த ஊரில், பிரெஞ்சுக்காரர்கள் வந்தபின் மாட்டிறைச்சி புழக்கம் கூடி எலும்பு மலிவாகக் கிடைத்தது. காவடி போலத் தோளில் தூக்கி, ஒரு முனையில் அடுப்பும் சூப்பும், மறுமுனையில் கிண்ணமும் நூடுல்ஸுமாகத் தெருத் தெருவாக விற்றார்கள். சீனர்களின் நூடுல்ஸிலிருந்து வந்ததா, பிரெஞ்சுக்காரர்களின் மாட்டிறைச்சிச் சூப்பிலிருந்து வந்ததா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

1954-ல் நாடு இரண்டாகப் பிரிந்தபோது 8 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வடக்கிலிருந்து தெற்கே போனார்கள். ஃபோவும் கூடவே போனது. தெற்கே மண்ணும் மழையும் தாராளம், தழைக்குப் பஞ்சமில்லை, நாக்கும் இனிப்பு கேட்கும். கிண்ணம் பெரிதானது, சூப்பில் இனிப்பு ஏறியது, தழைத் தட்டும் கறுப்புச் சாஸும் சேர்ந்துகொண்டன. ஹனோய்க்காரர்கள் இதைப் பார்த்து ‘தோட்டத்தையே கொட்டிவிட்டார்கள்’ என்கிற பாவனையில் முகத்தை வைத்துக்கொள்வார்கள். அவர்கள் கிண்ணத்தில் வெங்காயத்தாள், கொஞ்சம் கொத்தமல்லி, அவ்வளவுதான். மேசையில் பூண்டு ஊறிய வினிகர் இருக்கும், அதில் ஒரு கரண்டி விடுங்கள். கூடவே ‘குவை’ கேளுங்கள். எண்ணெயில் பொரித்த நீளமான மாவுத் துண்டு. சூப்பில் தோய்த்துச் சாப்பிட வேண்டும், சாம்பார் வடை போல ஊறவிடக் கூடாது.

எந்த ஊர் ஃபோ உயர்ந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். மூன்று வருடம் சைகோன் சோறு சாப்பிட்டவன் நான். ஆனால் தழை இல்லாத ஹனோய்ச் சூப்புக்கு ஒளிந்துகொள்ள இடம் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கறுப்புச் சாஸும் சிவப்புச் சாஸும் எதற்கு?

கறுப்பு, இனிப்பான சோயா சாஸ். வெளியூர்களில் ஹோய்சின் என்பார்கள். சிவப்பு, மிளகாய். பழகியவர்கள் இரண்டையும் ஒரு சின்னக் கிண்ணியில் பக்கத்தில் ஊற்றிக்கொண்டு இறைச்சியை மட்டும் அதில் தொட்டுச் சாப்பிடுவார்கள். சூப் தெளிவாகவே இருக்கும். இட்லிப் பொடி தனியாக, சாம்பார் தனியாக என்று வைத்துக்கொள்வோமே, அதுபோல. கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் கறுப்புச் சாஸையும் குவையையும் தவிர்க்கவேண்டும்.

காரம் போதவில்லையே?

மிளகாய்த் துண்டைச் சூப்பில் போட்டு ஒரு நிமிடம் விடுங்கள். அந்தச் சின்ன மிளகாயைக் குறைவாக எடை போடாதீர்கள்.

சாப்ஸ்டிக் வராது. என்ன வழி?

வலது கையில் சாப்ஸ்டிக், இடது கையில் கரண்டி. சாப்பாட்டில் இடது கையா என்று நம் பாட்டிகள் கேட்பார்கள். இங்கே இரண்டு கைக்கும் வேலை. நூடுல்ஸைக் கொஞ்சமாகத் தூக்கி, கரண்டியில் சுருட்டி வைத்து, வாய்க்குக் கொண்டுபோங்கள். எப்படியும் வராவிட்டால் முள்கரண்டி கேளுங்கள். யாரும் சிரிக்கமாட்டார்கள், பக்கத்து மேசை ஆயா எழுந்து வந்து கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுக்கும் அபாயம் மட்டும் உண்டு, எனக்கு நடந்தது. உட்கார்ந்தவுடன் எல்லோரும் சாப்ஸ்டிக்கையும் கரண்டியையும் காகிதத்தால் துடைப்பதைப் பார்ப்பீர்கள். நீங்களும் துடையுங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. சாப்ஸ்டிக்கைக் கிண்ணத்தில் செங்குத்தாகக் குத்தி வைக்காதீர்கள். இறந்தவர்களுக்கு ஊதுவத்தி ஏற்றியது போல இருக்கும்.

உறிஞ்சிச் சாப்பிடலாமா? சூப்பை முழுக்கக் குடிக்கவேண்டுமா?

லேசான சத்தம் பரவாயில்லை. சூப்பை மிச்சம் வைத்தாலும் குற்றமில்லை, உப்பு அதிகம் என்பதால் நானே கொஞ்சம் விட்டுவிடுவேன். ஆனால் வேகமாகச் சாப்பிடுங்கள். நூடுல்ஸ் சூப்பை உறிஞ்சி ஊதிவிடும். போட்டோ எடுக்க ஒரு நிமிடத்துக்கு மேல் கிடையாது.

கடைக்காரரை எப்படிக் கூப்பிடுவது?

இது நமக்கு ரொம்பச் சுலபம். அங்கேயும் ஆளைப் பார்த்து உறவு வைத்துத்தான் கூப்பிடவேண்டும். உங்களைவிடச் சின்னவர் என்றால் ‘எம் ஓய்’, தம்பி தங்கை இருவருக்கும் அதேதான். அண்ணன் வயது என்றால் ‘ஆன் ஓய்’, அக்கா என்றால் ‘சி ஓய்’. அந்த ‘ஓய்’ கூப்பிடுவதற்கான சொல், நம் பழைய ‘ஓய்’ போல அதட்டல் இல்லை. பெரியப்பா வயதுக்கு ‘பாக்’, சித்தப்பா வயதுக்கு ‘சூ’ என்று தனித்தனிச் சொல்லும் உண்டு. ஆங்கிலத்தில் எல்லோரும் அங்கிள்தான். அந்தக் குழப்பம் நமக்கும் இல்லை, அவர்களுக்கும் இல்லை. சந்தேகம் வந்தால் பெண்களுக்கு ‘சி’ என்று சொல்லுங்கள். ஆயா என்று சொல்லித் திட்டு வாங்குவதைவிட அக்கா என்று சொல்லிப் புன்னகை வாங்கலாம்.

மேசையில் இருக்கும் ஈரத் துண்டு இலவசமா?

பெரும்பாலும் இல்லை. பாக்கெட்டைப் பிரித்தால் சில ஆயிரம் டாங் பில்லில் ஏறும். மேசையில் சும்மா வைத்திருக்கும் குவை, வாழைப்பழம் எல்லாமும் அப்படித்தான். தொட்டதற்கு மட்டும் காசு. ஐஸ் போட்ட தேநீர், ‘சா டா’, சில இடங்களில் இலவசம், சில இடங்களில் பெயருக்கு ஒரு விலை. பிழிந்த எலுமிச்சையையும் காகிதத்தையும் மேசைக்கடியில் இருக்கும் கூடையில் போடுங்கள்.

எவ்வளவு ஆகும்?

சாதாரணக் கடையில் ஒரு கிண்ணம் 40,000 முதல் 80,000 டாங். நம் கணக்கில் சுமாராக 130 முதல் 270 ரூபாய். பேர்பெற்ற கடைகளில் இன்னும் கொஞ்சம் கூடும். பில் கேட்க ‘தின் தியன்’ என்று சொல்லுங்கள். ஒரு எச்சரிக்கை: 20,000 டாங் நோட்டும் 500,000 டாங் நோட்டும் நீலமாகவே இருக்கும். போன புதிதில் தேநீருக்கு 500,000-ஐ நீட்டினேன். கடைக்கார அக்கா நோட்டைத் திருப்பிக் காட்டி, பூஜ்யங்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு எண்ணிவிட்டு, என் பர்ஸிலிருந்து தானே சரியான நோட்டை எடுத்துக்கொண்டார்.

வெளிநாட்டில் இருக்கும் ஃபோ கடைகளும் இப்படித்தானா?

1975-க்குப் பிறகு தெற்கிலிருந்து அகதிகளாகப் போனவர்கள் தொடங்கிய கடைகள்தான் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, கனடாவில் அதிகம். அதனால் அங்கே கிடைப்பது சைகோன் பாணி: பெரிய கிண்ணம், தழைத் தட்டு, எண் போட்ட மெனு. சிலவற்றின் பெயரிலேயே 75 போன்ற ஓர் எண் இருக்கும். அது கதவு எண் அல்ல, ஊரை விட்ட வருடம். சேவல் படம் போட்ட ஸ்ரீராச்சா பாட்டில் கண்டிப்பாக இருக்கும். அதுவும் லாஸ் ஏஞ்சல்ஸில், வியட்நாமிலிருந்து போன ஒருவர் 1980-ல் தொடங்கிய கம்பெனியின் சரக்கு.

டிப்ஸ் வைக்கவேண்டுமா?

சாதாரணக் கடையில் அந்த வழக்கம் இல்லை. மீதிச் சில்லறையை மேசையில் விட்டுவிட்டு எழுந்தால், மறந்துவிட்டீர்கள் என்று நினைத்துக் கடைப் பையன் தெருமுனைவரை ஓடி வந்து கொடுப்பான். என் பின்னால் இரண்டு முறை ஓடி வந்திருக்கிறான், இரண்டாவது முறை கொஞ்சம் கோபமாக.